முப்பத்தொரு காலி வரிகள்

எனக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் "தம்பி, அந்த ஸ்டேப்ளரை எடு" என்பேன். கோபமான நாளில் "ஐயா, உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா அந்த ஸ்டேப்ளரை எடுத்துத் தர்றீங்களா?" என்பேன். வீட்டில் என் வாயிலிருந்து "வாங்க, உட்காருங்க" என்று வந்தால் என் கணவர் உட்கார மாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு எதையோ வாங்கப் போய்விடுவார்.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் துடைப்பத்திடம் கேட்டேன்: "ஐயா, என் ஃபைல்ல கை வெக்கச் சொல்லி உங்களுக்கு யாராவது உத்தரவு போட்டாங்களா?"

துடைப்பம் என்பது என் பக்கத்து மேசைக்காரருக்கு நான் வைத்த பெயர். என்னைவிட எட்டு வயது சின்னவர். எங்களுடையது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இரண்டரை அறை அலுவலகம். நான், துடைப்பம், முதலாளி, ஒழுகும் ஏசி, அதற்குக் கீழே ஒரு பச்சை வாளி. எழுதுகிறவர்கள் கொடுப்பதை வாங்கிப் பக்கம் பக்கமாக அமைத்து அச்சகத்துக்கு அனுப்புவது எங்கள் தொழில்.

எங்கள் மென்பொருளில் மவுஸைப் பிடித்து இழுத்து எதையும் வைக்க முடியாது. எங்கே எது வர வேண்டுமென்று எழுத்திலேயே கட்டளை கொடுக்க வேண்டும். ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப எழுதக் கை வலிக்குமல்லவா? அதற்குத்தான் மேக்ரோ. நீளமாக எழுத வேண்டியதை ஒரு தடவை எழுதி அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால், பிறகு பெயரைச் சொன்னாலே அது முழுதும் வந்து நிற்கும். ஒரே ஒரு குணம்தான் கொஞ்சம் படுத்தும். கடைசியாக என்ன சொல்லிவைத்தோமோ அதையே பிடித்துக்கொண்டிருக்கும். வேண்டாமென்றால் நாம்தான் துடைக்க வேண்டும். துடைப்பம் எதை உபயோகித்தாலும் உடனே ஒரு வரி எழுதித் துடைத்துவிடுவார். அதனால்தான் அந்தப் பெயர். நான் துடைக்க மாட்டேன். அடுத்தது வரும்போது பழையது தானே போய்விடும், எதற்கு வெட்டி வேலை என்பது என் கட்சி.

நான் என் மேக்ரோக்களுக்குச் சொந்தக்காரர்களின் பெயரை வைப்பேன். கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை சொல்வது 'மாமியார்'. கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வந்து நிற்பது 'சித்தப்பா'. "இதுக்கு மேல கூடாது" என்று உச்ச வரம்பு சொல்வது 'அப்பா'. என் மாமியாருக்கு இது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அப்போது கையிலிருந்த வேலை, குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் அளவு பற்றிய கையேடு. இருநூற்றுப் பன்னிரண்டு மருந்துகள், மருந்துக்கு ஒரு பக்கம். டாக்டரம்மா ஒருவர் ஆறு வருடம் உட்கார்ந்து தயாரித்தது. குழந்தைகள் வார்டில் ஒவ்வொரு நர்ஸின் சட்டைப்பையிலும் இருக்க வேண்டுமென்று உள்ளங்கை அகலத்தில் அச்சிடச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், அப்போதுதான் பிறந்த குழந்தைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒரு வரி. அந்த வரிக்கான மேக்ரோவுக்குக் 'குட்டி' என்று பெயர் வைத்தேன். என் தம்பிக்கு ஐந்து வாரத்துக்கு முன்புதான் பெண் பிறந்திருந்தது. அத்தையாகி ஐந்து வாரம்தான் ஆன மிதப்பு எனக்கு.

முப்பத்தொரு மருந்துகளைப் பிறந்த குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. அவற்றுக்குக் 'குட்டி' காலி என்று எழுதியிருந்தேன். காலியாக இருந்தால் 'கொடுக்கக் கூடாது' என்று தடித்த எழுத்தில் தானே வரும்படி அமைத்திருந்தேன். டாக்டரம்மா எல்லாப் பக்கத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். வியாழக்கிழமை சாயங்காலம் ஃபைலை மேலும் கீழும் பார்த்தபோது, காலி காலி என்று முப்பத்தொரு வரிகள் கண்ணை உறுத்தின. ஒன்றும் எழுதாவிட்டால் காலிதானே, அதை வேறு மெனக்கெட்டுக் காலி என்று எழுத வேண்டுமா? முப்பத்தொன்றையும் எடுத்துவிட்டேன். ஃபைல் சிக்கென்று ஆனது. நானே என் முதுகைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக லீவு போட்டேன். அன்று அச்சகத்தில் அவசரப்படுத்தினார்களாம். துடைப்பம்தான் பக்கங்களை எடுத்து அனுப்பியிருக்கிறார். திங்கட்கிழமை வந்து ஃபைலைத் திறந்தால், மருந்துப் பக்கத்தை அமைக்கும் என் மேக்ரோவின் வாலில் நான் எழுதாத ஒரு வரி. ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் 'குட்டி'யைத் துடைக்கச் சொல்லும் வரி. நான் இல்லாத நேரம் பார்த்து என் வீட்டுக்குள் புகுந்து பெருக்கிவிட்டுப் போன மாதிரி இருந்தது எனக்கு.

"இல்லக்கா, அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"விளக்கம் எல்லாம் எதுக்குங்க? நீங்க பெரியவங்க. நாங்கதான் கத்துக்கணும்."

"அக்கா, வியாழக்கிழமை நீங்க எடுத்த..."

"நான் எதை எடுப்பேன், எதை வைப்பேன்னு எனக்குத் தெரியுங்க ஐயா. இருபத்திரண்டு வருஷமா இதைத்தான் செய்யறேன். இந்தப் புத்தகம் என் கையால போனாத்தான் எனக்கு நிம்மதி. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அந்த வரியை அவர் கண் முன்னாலேயே அழித்தேன். பக்கங்களை மறுபடி எடுத்தேன். மொத்தப் பக்க எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். 'இதுதான் சரியான ஃபைல், முந்தையதை விட்டுவிடவும்' என்று எழுதி அச்சகத்துக்கு மெயில் அனுப்பினேன். எண்டர் பட்டனை நான் தட்டிய தட்டு முதலாளியின் அறை வரை கேட்டிருக்கும்.

துடைப்பம் கொஞ்ச நேரம் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனார். பெண்டாட்டியிடம் என்னைப் பற்றிப் புலம்பப் போகிறார் என்று நினைத்தேன். புலம்பட்டும். திரும்பி வந்தவர், பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு கையெழுத்து வாங்கி வருவதாக முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் மதிப்பெண் அட்டைகள்தான் எனக்கு அடுத்த வேலை. பிள்ளைக்கு ஒரு அட்டை. மருந்துப் பக்கம் போலத்தான், மருந்துக்குப் பதில் பிள்ளை, அளவுக்குப் பதில் மார்க். கையேட்டின் மேக்ரோவையே எடுத்துப் பெயர் மாற்றிப் போட்டேன். பன்னிரண்டு மணிக்கு இரண்டு வகுப்புகளின் அட்டைகள் தயார். முதலாளி பள்ளிக்கூடத்துப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வந்தவர், பதினெட்டாவது அட்டையில் நின்றார்.

"என்னம்மா இது? இந்தப் பொண்ணு அறிவியல் பரீட்சைக்கே வரலைன்னு போட்டிருக்கான். நீ தொண்ணூத்தேழு குடுத்திருக்கே?"

"எனக்கு என்ன அவ சொந்தமா, வாரிக் கொடுக்க? காலியா விட்டிருக்கும், பாருங்க."

"காலியா? தொண்ணூத்தேழும்மா. வீட்டுல தூங்கிக்கிட்டே தொண்ணூத்தேழு. பெரிய கெட்டிக்காரிதான்."

எழுந்து போய்ப் பார்த்தேன். பதினேழாவது பிள்ளைக்கு அறிவியலில் தொண்ணூற்றேழு. பதினெட்டாவது பெண்ணுக்கு ஒன்றுமே எழுதவில்லை. ஒன்றும் எழுதாததால், முன்னால் இருந்தவளின் மார்க் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. முதலாளி சிரித்தார், நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நிறுத்தினேன்.

ஒன்றும் எழுதாவிட்டால் காலி இல்லை. ஒன்றும் எழுதாவிட்டால் பழையது.

என் மேசைக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. காலையில் நான் அனுப்பிய கையேட்டைத் திறந்தேன். நாற்பத்திரண்டாம் பக்கம், ஒரு காய்ச்சல் மருந்து. பிறந்த குழந்தைக்கு, வேளைக்குக் கால் மில்லி. நாற்பத்து மூன்றாம் பக்கம், கடுமையான ஒரு கிருமி மருந்து. பிறந்து ஒரு மாதம் ஆகும்வரை கிட்டேயே கொண்டுபோகக் கூடாது என்று டாக்டரம்மா சிவப்பு மையால் மூன்று கோடு போட்டுச் சொன்ன மருந்து. அதன் அடியில் என் அழகான எழுத்தில் நின்றது: பிறந்த குழந்தைக்கு, வேளைக்குக் கால் மில்லி.

அச்சகத்துக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. இயந்திரம் ஓடும்போது அங்கே எதுவும் காதில் விழாது. ஐந்து தடவை அடித்துவிட்டு எழுந்து ஓடினேன். "என்னம்மா ஆச்சு?" என்று முதலாளி கத்தியது படிக்கட்டில் கேட்டது.

அச்சகம் இரண்டு தெரு தள்ளி, டயர் கடைக்குப் பின்னால். எனக்கு நாற்பத்தாறு வயது, ஓடுகிற உடம்பில்லை. அலுவலகத்துக்குள் போடும் ரப்பர் செருப்போடு ஓடினேன். முதல் தெரு முனையில் ஒன்றின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். நடைபாதையில் போனவர்கள் நான் யாரையோ அடிக்கப் போகிறேன் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். வழியெல்லாம் என் கண்ணில் தம்பி மகளின் கைதான் நின்றது. என் விரலைப் பிடித்தால் விடாது, என் சுண்டு விரல் அதற்கு ஒரு பிடி. அப்படி ஒரு கை உள்ள உயிருக்கு, ஏதோ ஒரு வார்டில், ஏதோ ஒரு நர்ஸ், என் புத்தகத்தை நம்பிக் கால் மில்லி எடுத்து வைப்பாள். அவள்மேல் ஒரு தப்பும் இருக்காது. முப்பத்தொரு வரி உறுத்துகிறது என்று எடுத்தது நான்.

அச்சகத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிறவரை எல்லோரும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம், யாருக்கும் பெரியப்பா இல்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தாள் அடுக்கைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் இரண்டு கையையும் ஆட்டினேன். கையில் செருப்பு இருந்ததை அப்போது மறந்துவிட்டேன். அவர் அதைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பஞ்சை எடுத்தார்.

"என்னம்மா, யாரை அடிக்க வந்தே?"

"நிறுத்துங்க பெரியப்பா! எத்தனை ஓடிச்சு?"

"ரெண்டு பாரம் முடிஞ்சு மூணாவது ஓடுது. நாலாயிரம் காப்பி. ஏன்?"

பாரம் என்பது ஒரு பெரிய தாள், பதினாறு பக்கம் அடங்கியது. மூன்றாவது என்றால் நாற்பத்து மூன்றாம் பக்கம் அதில்தான் இருக்கிறது. அடுக்கிலிருந்து ஒரு தாளை உருவினேன். பக்கங்கள் பாதி நேராகவும் பாதி தலைகீழாகவும் கிடந்தன. நாற்பத்திரண்டைக் கண்டுபிடித்தேன், நாற்பத்து மூன்றைக் காணோம். தாளை விரித்துப் பிடித்துத் தேடினேன், மை என் விரலில் ஒட்டியது. ஒரு மூலையில் தலைகீழாக நாற்பத்து மூன்று இருந்தது. தாளைச் சுற்றிப் பிடிக்கவும் எனக்குத் தோன்றவில்லை, என் கழுத்தைத்தான் வளைத்தேன்.

'பிறந்த குழந்தைக்கு: கொடுக்கக் கூடாது.'

இரண்டு தடவை படித்தேன். விரலை வைத்து மூன்றாம் தடவை படித்தேன். அங்கிருந்த காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வெட்கமெல்லாம் வரவில்லை. போன உயிர் திரும்பி வரும்போது அதற்கு ஏது வெட்கம்? பெரியப்பா பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

"நான் காலைல ஒரு ஃபைல் அனுப்பினேனே, பெரியப்பா?" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"வந்துச்சு. வரும்னு தெரியும். அதான் தொடலை."

"வரும்னு எப்படித் தெரியும்?"

"உங்க ஆபீஸ் தம்பி பத்து மணிக்கே போன் பண்ணிச்சே. 'அக்கா ஒரு ஃபைல் அனுப்பியிருப்பாங்க. அது கோவத்துல அனுப்பினது. அதைத் தொடாதீங்க, சனிக்கிழமை ப்ளேட் எடுத்ததையே ஓட்டுங்க. நான் பொறுப்பு'ன்னுச்சு." ப்ளேட் என்பது இயந்திரத்தில் மாட்டும் அச்சுத் தகடு. பெரியப்பா பஞ்சை விரலில் உருட்டியபடி சிரித்தார். "சனிக்கிழமை உங்களுக்கு லீவுதானே? அந்தத் தம்பி இங்க வந்து ரெண்டு மணி நேரம் உக்காந்து ஒவ்வொரு பக்கமா பாத்துட்டுத்தான் ப்ளேட்டே எடுக்க விட்டுது. எனக்கே எரிச்சலாப் போச்சு."

ப்ளேட் எடுத்த அந்த ஃபைலை அச்சகத்துக் கணினியில் திறக்கச் சொன்னேன். முப்பத்தொரு பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முப்பத்தொன்றிலும் 'கொடுக்கக் கூடாது' தடித்த எழுத்தில் இருந்தது. டாக்டரம்மாவின் ஆறு வருடம் பத்திரமாக இருந்தது. "ஓட்டலாமா?" என்று பெரியப்பா கேட்டார். "ஓட்டுங்க" என்றேன். அந்தச் சத்தம் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வெறுங்காலோடு மெதுவாக நடந்து திரும்பினேன். டயர் கடைக்காரர் என் கையிலிருந்த செருப்பையும் என் முகத்தையும் பார்த்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன், அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். மனம் பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. இரண்டாவது தெருவுக்குத் திரும்பியபோதுதான் இன்னொன்று உறைத்தது. பிறந்த குழந்தைகளின் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். அதை ஒரு மனிதரால் ஒன்றரை அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் சொல்ல முடியவில்லை. மாடிப்படிக்குப் போய் ரகசியமாகப் போன் செய்ய வேண்டியிருந்தது. என் திறமையைப் பற்றி இருபத்திரண்டு வருடமாகப் பீற்றிக்கொண்டு வந்தேன். என்னைச் சுற்றி எத்தனை பேர் மாடிப்படிக்குப் போய்ப் பேசியிருப்பார்களோ, தெரியாது.

துடைப்பம் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி, டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலாளி மதிப்பெண் அட்டைகளோடு பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் என் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார்கள்.

"அச்சகத்துக்குப் போயிருந்தேன்" என்றேன். "நாப்பத்து மூணாம் பக்கம் பாத்தேன்."

துடைப்பம் டப்பாவை மூடினார். எழுந்து நிற்கலாமா வேண்டாமா என்று அவருக்குள் ஒரு சண்டை நடந்தது தெரிந்தது.

"உக்காருங்க" என்றேன். "நீங்க ஒரு வரி போடாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பாத்தேன். காலைல நான் பேசினது தப்பு. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் முகம் வெளுத்தது. முதலாளியைப் பார்த்தார். "அக்கா... இன்னும் கோவமா இருக்கீங்களா?"

"இல்லை."

"'நீங்க'ன்னு சொல்றீங்களே?"

"இது வேற 'நீங்க'. நிஜ மரியாதை." எனக்கே சிரிப்பு வந்தது. "சரி, ஒண்ணு சொல்லுங்க. என்கிட்ட ஏன் சொல்லலை?"

"ரெண்டு தடவை ஆரம்பிச்சேன்."

"நான் விடலை, சரி. அதுக்கப்புறம்?"

அவர் டப்பாவின் மூடியைத் தடவிக்கொண்டே யோசித்தார். "பெரியப்பாகிட்ட சொன்னா விஷயம் முடிஞ்சிடும். உங்ககிட்ட சொன்னா, சண்டை முடியறதுக்குள்ள மெஷின் ஓடி முடிச்சிடும். மத்தியானம் நீங்க சாப்பிட்ட பிறகு சொல்லலாம்னு இருந்தேன். பசி நேரத்துல உங்ககிட்ட எதுவும் பேசக் கூடாதுன்னு சார்தான் சொல்லியிருக்காரு."

முதலாளி சட்டென்று பச்சை வாளியை எடுத்துக்கொண்டு, அது நிரம்பாமலே, கொட்டப் போனார்.

வலித்தது. பொய் சொல்லியிருந்தால் வலித்திருக்காது. நான் என் நாற்காலியில் உட்கார்ந்து கையேட்டின் ஃபைலைத் திறந்தேன். மேக்ரோவின் வாலில், காலையில் நான் அழித்த அதே இடத்தில், 'குட்டி'யைத் துடைக்கச் சொல்லும் வரியை என் கையாலேயே எழுதினேன். முப்பத்தொரு காலி வரிகளையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினேன். அது தேவையில்லை, ஒரு வரியே போதும். இருந்தாலும் எழுதினேன்.

எழுதி முடித்துத் திரும்பினேன். "இனிமே இப்படி ஏதாவது பாத்தீங்கன்னா என்கிட்ட முதல்ல சொல்லுங்க. மாடிப்படிக்குப் போக வேண்டாம்."

"கத்துவீங்களே, அக்கா."

"கத்துவேன். குணம் ஒரே நாள்ல மாறாது. கத்தி முடிச்சதும் மறுபடி சொல்லுங்க. மறுபடி கத்தினா மறுபடி சொல்லுங்க."

"சரி" என்றார். ஏதோ கணக்குப் போட்டார். தொண்டையைச் செருமினார். "அப்போ ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் பதினெட்டாவது பொண்ணு இன்னும் தொண்ணூத்தேழுலயே இருக்கா. நீங்க போன பிறகு பாத்தேன். அடுத்த வகுப்புலயும் பரீட்சைக்கு வராத மூணு பிள்ளைங்க நல்லாப் பாஸ் ஆயிருக்காங்க."

ஓடின அலுப்பு, வெறுங்கால், அழுத கண், மணி இரண்டாகியும் சாப்பிடாத வயிறு. இந்த நேரத்திலா என்று எனக்குக் கோபம் மூக்கு நுனிவரை வந்தது. "ஐயா" என்று ஆரம்பித்தும் விட்டேன்.

துடைப்பம் எழுந்து ஓடவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, நான் கத்தி முடிப்பதற்காகக் காத்திருந்தார், மறுபடி சொல்ல.

வாயை மூடிக்கொண்டு மதிப்பெண் அட்டையின் ஃபைலைத் திறந்தேன். "துடைக்கிற வரியை எங்கேப்பா போடணும்?" என்று கேட்டேன்.